சின்னத் திரை எரியவில்லையா? ஓஎல்இடி, எல்சிடி பழுதைக் கண்டுபிடிக்கும் வரிசை

0.96 அங்குல ஓஎல்இடி திரையை அர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் போர்டில் மாட்டியாயிற்று, புரோகிராம் அப்லோடும் ஆகிவிட்டது, கண்ணாடி மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. இந்த இடத்தில் இருப்பவர்களிடம் என் முதல் வேண்டுகோள்: புரோகிராமை இப்போது தொடாதீர்கள்.

புதியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பலமுறை பார்த்துவிட்டேன். திரை வரவில்லை என்றதும் வேறொரு லைப்ரரி (பிறர் எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பு), வேறொரு எடுத்துக்காட்டு, வேறொரு பின் (இணைப்புக் கால்) எண் என்று மாற்றிக்கொண்டே போவார்கள். அரை மணி நேரத்தில் முதலில் என்ன இருந்தது என்பதே மறந்துபோகும். பழுதோ ஒரு லூசான வயரில் இருக்கும்.

பார்க்க வேண்டிய வரிசை இது: மின்சாரம், வயர், முகவரி (போர்டு திரையைக் கூப்பிடும் எண்), கன்ட்ரோலர் (திரையை இயக்கும் சிப்), கடைசியாகத்தான் புரோகிராம். மின்சாரம் போகாத திரையில் முகவரி தேடிப் பயனில்லை. முகவரியே கிடைக்காதபோது எழுத்துரு மாற்றிப் பயனில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

பீப் சத்தம் தரும் மல்டிமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். விலை குறைந்ததே போதும். அது இல்லாமல் வயரைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஊகம்தான்.

டேட்டா போகும் யுஎஸ்பி கேபிள் வேண்டும். சில கேபிள்களில் சார்ஜ் மட்டும்தான் ஏறும். போர்டில் விளக்கு எரியும், கம்ப்யூட்டரில் அந்தப் போர்டுக்கான இணைப்பு தெரியாது.

இன்னும் ஆறேழு ஜம்பர் வயர்கள், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு, சின்ன ஸ்க்ரூ டிரைவர். முடிந்தால் சரியாக வேலை செய்யும் என்று உங்களுக்கே தெரிந்த இன்னொரு திரை. சந்தேகத்துக்குரிய திரையைக் கழற்றிவிட்டு அதே வயரில் நல்ல திரையை மாட்டினால், குற்றம் திரையிலா போர்டிலா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

2. திரையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

நான்கு பின் ஓஎல்இடி எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் சிலவற்றில் பின்களின் வரிசை ஜிஎன்டி (மின்சாரத்தின் பூஜ்யப் பக்கம்), விசிசி (மின்சாரம் வரும் பக்கம்), எஸ்சிஎல் (தாள வயர்), எஸ்டிஏ (தகவல் வயர்). வேறு சிலவற்றில் முதல் இரண்டும் இடம் மாறி விசிசி, ஜிஎன்டி என்று இருக்கும். யாரோ போட்ட படத்தைப் பார்த்து மாட்டினால் மின்சாரம் தலைகீழாகப் போய்த் திரை செத்துவிடலாம். உங்கள் கையில் இருக்கும் பலகையில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்புங்கள்.

நான்குக்குப் பதில் ஏழு பின் இருந்தால், அது பெரும்பாலும் எஸ்பிஐ முறைக்கு அமைத்து வருவது. இங்கே சொல்லும், எஸ்டிஏ, எஸ்சிஎல் என்ற இரண்டு வயரில் பேசும் ஐ2சி இணைப்பு அதற்கு அப்படியே பொருந்தாது.

நீலமும் மஞ்சளும் கலந்த திரையில் மேலே உள்ள 16 வரிசை எப்போதும் மஞ்சள்தான். புரோகிராமில் நிறம் மாற்ற வழியில்லை, அது பழுதும் இல்லை.

3. பின்களுக்குச் சால்டர் வைத்திருக்கிறதா?

இது தனிப் படியா என்று தோன்றலாம். நான் பார்த்த பழுதுகளில் அடிக்கடி வந்தது இதுதான்.

பல திரைகள் பின் வரிசையைத் தனியாகப் பையில் போட்டே வருகின்றன. ஒரு பயிற்சி வகுப்பில் ஒரு மாணவி இரண்டு மணி நேரம் போராடிக்கொண்டிருந்தாள். திரை வரும், போகும். வயரைச் சரிசெய்யப் பலகையை விரலால் அழுத்தும்போது எழுத்து வரும், கையை எடுத்தால் திரை அப்படியே உறைந்து நிற்கும். பலகையைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு பின்னும் ஓட்டைகளில் வெறுமனே செருகப்பட்டிருந்தன, ஒரு பொட்டுச் சால்டர் இல்லை. சாய்ந்து நின்றபோது தற்செயலாகத் தொட்டதால் வேலை செய்திருக்கிறது. சால்டர் வைத்து முடித்தபின் அன்று முழுக்க அந்தத் திரை ஒருமுறைகூடப் போகவில்லை.

சால்டர் வைத்திருந்தாலும் வெளிச்சத்தில் பாருங்கள். நன்றாகப் பிடித்த இடம் சின்னக் கூம்பு போலப் பளபளப்பாக இருக்கும். உருண்டையாகப் பின்னின் மேல் மட்டும் ஒட்டிக்கொண்டு, கீழே உள்ள வளையத்தைத் தொடாமல் இருந்தால் மறுபடி சூடு வையுங்கள். பக்கத்துப் பின்னோடு ஒட்டியிருக்கிறதா என்பதை மல்டிமீட்டர் பீப் சொல்லிவிடும்.

4. மின்சாரத்தைத் திரையின் காலிலேயே அளந்து பாருங்கள்

அர்டுயினோவின் 5 வோல்ட் பின்னில் அளந்துவிட்டு "மின்சாரம் வருகிறது" என்று நகர்ந்துவிடாதீர்கள். திரையின் விசிசி, ஜிஎன்டி பின்களில் மீட்டரை வையுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு பிரெட்போர்டும் (சால்டர் இல்லாமல் வயர் செருகும் ஓட்டைப் பலகை) இரண்டு ஜம்பர் வயரும் இருக்கின்றன. பழுது ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான்.

நீளமான பிரெட்போர்டுகள் பலவற்றில் ஓரத்துச் சிவப்பு, நீலக் கோடுகள் நடுவில் அறுந்திருக்கும். ஒரு பாதியில் 5 வோல்ட், மறு பாதியில் ஒன்றுமில்லை. அச்சிட்ட கோடு நடுவில் விட்டிருந்தால் அங்கே ஒரு சின்ன வயர் போட்டு இணையுங்கள். ஜம்பர் வயர்களும் பிளாஸ்டிக் தலைக்குள் அறுந்துபோகும், வெளியே தெரியாது. மல்டிமீட்டரைப் பீப்பில் வைத்து வயரை லேசாக ஆட்டிப் பாருங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால் அந்த வயரைக் குப்பையில் போடுங்கள். திரும்பப் பெட்டியில் போட்டால் அடுத்த மாதம் அதுவே உங்கள் கைக்கு வரும்.

மின்சாரம் சரியாக இருந்தால் திரையில் என்ன தெரிய வேண்டும்? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

ஓஎல்இடிக்குப் பின்விளக்கு கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிவது. ஆகவே மின்சாரம் மட்டும் கொடுத்தால் திரை முழு இருட்டாகத்தான் இருக்கும், அது இயல்பு. அதைப் பார்த்துத் திரை செத்துவிட்டது என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

16 எழுத்து, 2 வரி எல்சிடி அப்படியல்ல. மின்சாரம் வந்ததும் பின்விளக்கு எரியும், மேல் வரியில் அடர்ந்த கட்டங்கள் தெரியும். கட்டங்கள் தெரியாவிட்டால் பின்னால் உள்ள சின்ன நீலப் பெட்டியின் திருகைத் திருப்புங்கள். அதுதான் கான்ட்ராஸ்ட். முழுச் சுற்றும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், சரியான இடம் மிகக் குறுகலானது. இந்தத் திருகைத் தொடாமலே நாள் முழுக்கப் புரோகிராமைத் திருத்தியவர்கள் ஏராளம். வழக்கமான எல்சிடிக்கு 5 வோல்ட் வேண்டும். 3.3 வோல்ட்டில் மாட்டினால் பின்விளக்கு மங்கலாக எரியும், எழுத்து தெரியவே தெரியாது.

மேல் வரிக் கட்டங்கள் தெரிகின்றன, ஆனால் மறையாமல் நிற்கின்றனவா? மின்சாரமும் கான்ட்ராஸ்ட்டும் சரி, கட்டளை மட்டும் திரைக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அடுத்த படிக்குப் போங்கள்.

5. எஸ்டிஏ, எஸ்சிஎல் வயர்கள்

ஒவ்வொரு போர்டிலும் இவற்றுக்கு இடம் வேறு. அர்டுயினோவின் ஊனோ, நானோ போர்டுகளில் எஸ்டிஏ ஏ4, எஸ்சிஎல் ஏ5. மெகாவில் 20, 21. ஈஎஸ்பி8266 நோட்எம்சியுவில் எஸ்டிஏ டி2, எஸ்சிஎல் டி1. சாதாரண ஈஎஸ்பி32இல் 21, 22. ஈஎஸ்பி32இன் சி3, எஸ்3 வகைகளில் இவை வேறு எண்கள். ஆகவே ஈஎஸ்பி32 என்ற பெயரை மட்டும் பார்த்து மாட்டாதீர்கள்.

வயர் மாற்றும் முன் யுஎஸ்பியைப் பிடுங்குங்கள். மின்சாரத்தோடு மாற்றும்போது ஒரு நொடி தவறான பின்னைத் தொட்டாலும் போர்டு போய்விடலாம்.

மாட்டியபின் ஒரு சின்ன அளவீடு. மின்சாரம் கொடுத்துவிட்டு எஸ்டிஏவுக்கும் ஜிஎன்டிக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று பாருங்கள். எஸ்சிஎல்லுக்கும் அப்படியே. சும்மா இருக்கும்போது இரண்டும் 3.3 அல்லது 5 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். ஐ2சியில் வயர்களை மேலே தூக்கிப் பிடிப்பது புல்-அப் ரெசிஸ்டர்கள்தான், சாதனங்கள் கீழே இழுக்க மட்டும் செய்யும். அளவு பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஒன்று ரெசிஸ்டர் இல்லை, அல்லது வயர் ஜிஎன்டியைத் தொடுகிறது. பெரும்பாலான திரைப் பலகைகளில் ரெசிஸ்டர் இருக்கும். இல்லாவிட்டால் எடுத்து வைத்த 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்களில் ஒன்றை எஸ்டிஏவிலிருந்தும் இன்னொன்றை எஸ்சிஎல்லிலிருந்தும் விசிசிக்குப் போடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. 5 வோல்ட்டில் ஓடும் எல்சிடியின் ஐ2சி பலகை, எஸ்டிஏ, எஸ்சிஎல் வயர்களையும் 5 வோல்ட்டுக்கு இழுக்கும். ஈஎஸ்பி32இன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. "எனக்கு ஓடுகிறதே" என்பார்கள், ஓடும்தான். ஆனால் அந்தப் பின் எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நடுவே வோல்ட்டை மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் ஒன்றைப் போடுங்கள்.

6. ஸ்கேனரை ஓட்டி முகவரியைக் கண்டுபிடியுங்கள்

இந்த ஒரு படியைப் பழகிக்கொண்டால் பாதிப் போராட்டம் முடிந்தது. அர்டுயினோ மென்பொருளின் எடுத்துக்காட்டுகளில், வயர் லைப்ரரிக்குக் கீழே ஐ2சி ஸ்கேனர் இருக்கும். அப்லோடு செய்து, போர்டு அனுப்பும் எழுத்தைக் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்து, வேகத்தைப் புரோகிராமில் உள்ளபடி வையுங்கள். குப்பை எழுத்து வந்தால் வேகம்தான் பொருந்தவில்லை.

ஸ்கேனர் ஒவ்வொரு முகவரியாகக் கூப்பிட்டு, யார் பதில் சொல்கிறார்கள் என்று பார்க்கிறது. திரையின் லைப்ரரி எதுவும் இதில் இல்லை. ஆகவே பதில் வந்தால் மின்சாரமும் வயரும் சரி என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

எந்தச் சாதனமும் கிடைக்கவில்லை என்றால் 3, 4, 5ஆம் படிகளுக்குத் திரும்புங்கள். அதைத் தாண்டிப் போகாதீர்கள். முதலில் எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டும் இடம் மாறியிருக்கிறதா பாருங்கள். ஸ்கேனர் தேடத் தொடங்கி அப்படியே நின்றுவிட்டால் இரண்டில் ஒரு வயர் ஜிஎன்டியோடு ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஓஎல்இடிக்கு வழக்கமாக வரும் முகவரி 3சி, சிலவற்றுக்கு 3டி. இவை ஹெக்ஸ் (16ஐ அடியாகக் கொண்ட) எண்கள், புரோகிராமில் முன்னால் 0எக்ஸ் சேர்த்து எழுத வேண்டும். இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, பல திரைகளின் பின்னால் 78, 7ஏ என்று அச்சிட்டிருக்கும். அது எழுதவா, படிக்கவா என்று சொல்லும் பிட்டையும் சேர்த்து எட்டு பிட்டாகக் காட்டுவது. அர்டுயினோ எதிர்பார்ப்பது ஏழு பிட். 78இல் பாதி 3சி, 7ஏயில் பாதி 3டி. அச்சிட்டதை அப்படியே புரோகிராமில் போட்டால் திரை வராது. இரண்டாவது, அடாஃப்ரூட் நிறுவனத்தின் ஓஎல்இடி லைப்ரரியில், 128க்கு 64 புள்ளித் திரைக்கான எடுத்துக்காட்டில் முகவரி 3டி என்று எழுதியிருக்கும். கடைகளில் கிடைக்கும் சாதாரணத் திரைகளில் பெரும்பாலானவை 3சி. எடுத்துக்காட்டை மாற்றாமல் ஓட்டி, கறுப்புத் திரையைப் பார்த்து மனம் உடைந்தவர்களை எனக்குத் தெரியும். ஸ்கேனர் சொன்னதை அங்கே எழுதுங்கள்.

எல்சிடியின் ஐ2சி பலகை பெரும்பாலும் 27 அல்லது 3எஃப் என்று வரும். அதில் உள்ள சிப் பிசிஎஃப்8574 என்றால் முகவரி 20 முதல் 27க்குள், கடைசியில் ஏ சேர்ந்த வகை என்றால் 38 முதல் 3எஃப்க்குள். முகவரி சரியாக இருந்தும் கட்டங்கள் மறையவில்லையென்றால், பலகையின் உள் இணைப்பு லைப்ரரி நினைப்பதிலிருந்து வேறுபடலாம். எச்டி44780 என்ற பெயரிலேயே ஒரு லைப்ரரி உண்டு. முகவரியையும் உள் இணைப்பையும் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். எல்சிடிக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான்.

நான்கு இலக்கக் கடிகாரத் திரையில் வரும் டிஎம்1637க்கும் இரண்டே வயர்தான். ஆனால் அது ஐ2சி இல்லை, ஸ்கேனரில் அதைத் தேடிப் பயனில்லை.

7. கன்ட்ரோலரும் அளவும் பொருந்துகின்றனவா?

முகவரி கிடைத்துவிட்டது, திரையிலும் ஏதோ வருகிறது, ஆனால் படம் கலங்கியிருக்கிறது. இது நல்ல செய்தி. வயரைத் தொட வேண்டாம்.

0.96 அங்குலத் திரைகளில் பெரும்பாலும் எஸ்எஸ்டி1306 என்ற கன்ட்ரோலர் இருக்கும். 1.3 அங்குலத்தில் பெரும்பாலும் எஸ்எச்1106. இரண்டுக்கும் முகவரி ஒன்றே என்பதால் ஸ்கேனரால் பிரித்துச் சொல்ல முடியாது. எஸ்எச்1106இன் நினைவகம் 132 பத்தி அகலம், கண்ணாடி 128 பத்திதான். அதனால் தவறான லைப்ரரி போட்டால் ஓரத்தில் இரண்டு பத்தி அளவுக்குப் புள்ளிகள் சிதறும், அல்லது திரை முழுக்கப் பனி பெய்வதுபோல் ஆகும். யு8ஜி2 என்ற இன்னொரு லைப்ரரியில் இரண்டுக்கும் தனித்தனி வரி இருக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

எழுத்து வரி விட்டு வரியாக, கோடு போட்ட நோட்டுபோல் தெரிந்தால் உயரம் தவறு. 64 வரிசைத் திரைக்கு 32 என்றோ, 32க்கு 64 என்றோ எழுதியிருப்பீர்கள்.

செல்போன் கேமராவில் பார்க்கும்போது மட்டும் கறுப்புப் பட்டைகள் ஓடினால் கவலை வேண்டாம். திரை புதுப்பிக்கும் வேகமும் கேமராவின் வேகமும் ஒத்துப்போகாததால் வருவது அது.

8. இப்போது புரோகிராம்

ஒரே ஒரு சொல்லை எழுதும் புரோகிராமில் தொடங்குங்கள். சென்சார், வைஃபை எதுவும் வேண்டாம்.

அடாஃப்ரூட் லைப்ரரியில் நீங்கள் எழுதுவது முதலில் போர்டின் நினைவகத்துக்குத்தான் போகும். கடைசியில் டிஸ்ப்ளே என்ற கட்டளையைக் கொடுத்தால்தான் கண்ணாடிக்கு வரும். அதை மறந்தால் பழைய படமே நிற்கும். எழுத்தின் நிறத்தைக் குறிக்கும் செட்டெக்ஸ்ட்கலர் வரியை விட்டாலும் எழுத்து தெரியாது.

யு8ஜி2இல் வேறொரு தடுமாற்றம். எழுத்தின் இடத்தைச் சொல்லும்போது நீங்கள் தருவது எழுத்தின் அடிக்கோட்டின் உயரம். 0, 0 என்று கொடுத்தால் எழுத்து திரைக்கு மேலே போய்விடும். எழுத்துருவின் உயரத்துக்கு ஏற்ப 10, 12 என்று கொடுத்துப் பாருங்கள்.

எல்சிடியில் 100 என்பது 99 ஆகும்போது 990 என்று தெரிவது எல்லோருக்கும் ஒருமுறை வரும். புதிய எண் பழைய மூன்றாவது எழுத்தை அழிக்கவில்லை, அவ்வளவுதான். எண்ணுக்குப் பின்னால் இரண்டு இடைவெளி சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் திரை முழுக்க அழித்து எழுதினால் மினுமினுக்கும்.

9. நினைவகம் தீர்ந்துபோனால்

சென்சார் சேர்த்ததும் திரை போய்விட்டதா? ஊனோவில் மொத்த ராம் 2048 பைட். 128க்கு 64 திரையின் படத்துக்கு மட்டும் 1024 பைட் வேண்டும். அடாஃப்ரூட் லைப்ரரி இந்த 1024ஐப் புரோகிராம் ஓடும்போதுதான் எடுக்கிறது. அதனால் கம்பைல் (புரோகிராமைப் போர்டுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவது) முடிவில் வரும் கணக்கில் அது சேராது. அங்கே 900 பைட் மீதி என்று காட்டினால் நிம்மதியாக இருக்கும், உண்மையில் திரைக்கு இடமில்லை.

இந்த நேரத்தில் சீரியல் மானிட்டரில் எஸ்எஸ்டி1306 அலொகேஷன் ஃபெயில்டு என்ற செய்தி வரும். இதைப் பார்த்து வயரைப் பிடுங்குகிறவர்கள் பலர். செய்தி சொல்வது ராம் போதவில்லை என்பதை மட்டுமே. திரையையே கழற்றி வைத்தாலும், ராம் இருந்தால் லைப்ரரி எல்லாம் நலம் என்றுதான் சொல்லும். அதனால்தான் ஸ்கேனர் படியைத் தாண்டக் கூடாது என்கிறேன்.

சீரியலிலும் திரையிலும் அச்சிடும் நிலையான வாக்கியங்களை எஃப் மேக்ரோவுக்குள் (வாக்கியத்தை ராமில் வைக்காமல் புரோகிராம் இருக்கும் இடத்திலேயே வைக்கும் குறி) போட்டால் ராம் மிச்சமாகும். யு8ஜி2இல் பக்கம் பக்கமாக வரையும் முறையில் 128 பைட் போதும், வேகம் கொஞ்சம் குறையும்.

10. ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோனால்

ரிலேயோ மோட்டாரோ இயங்கும் கணத்தில் திரை உறைந்தால் காரணம் மின் இரைச்சல், அல்லது வோல்ட் சரிவு. மோட்டாருக்குத் தனி மின்சாரம் கொடுங்கள், ஜிஎன்டியை மட்டும் பொதுவாக வையுங்கள். திரையின் காலருகே 100 நானோஃபாரட், 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்களைப் போடுங்கள். திரை வயரை மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ஐ2சி ஒரே பலகைக்குள் பேச வந்தது, மீட்டர் கணக்கில் இழுத்தால் தடுமாறும்.

யுஎஸ்பியில் ஓடுகிறது, பேட்டரியில் போட்டால் கறுப்பு, ரீசெட் அழுத்தினால் வந்துவிடுகிறது என்றால் திரை விழித்தெழும் முன்பே போர்டு கட்டளை அனுப்பிவிடுகிறது. திரையைத் தொடங்கி வைக்கும் பிகின் வரிக்கு முன்னால் 250 மில்லிசெகண்ட் காத்திருக்கச் செய்யுங்கள்.

11. வண்ணத் திரை வெள்ளையாக நின்றால்

1.8 அங்குல எஸ்டி7735 போன்ற வண்ணத் திரைகளில் பின்விளக்கு தனி. வெறும் வெள்ளை என்றால் விளக்குக்கு மின்சாரம் வருகிறது, கட்டளை போகவில்லை.

பெரிய குழப்பம் பெயரில்தான். பல பலகைகளில் எஸ்டிஏ, எஸ்சிஎல் என்றே அச்சிட்டிருக்கும், ஆனால் இது எஸ்பிஐ. ஊனோவில் எஸ்டிஏயை 11க்கும் எஸ்சிஎல்லை 13க்கும் மாட்ட வேண்டும். ஏ4, ஏ5இல் மாட்டினால் வெள்ளையாகவே நிற்கும். வருவது கட்டளையா, படமா என்று திரைக்குச் சொல்லும் டிசி பின்னுக்கு ஏ0 என்றோ ஆர்எஸ் என்றோ பெயர் இருக்கலாம். பல திரைகளின் சிக்னல் பின்களுக்கு 3.3 வோல்ட்தான் ஏற்றது, ஊனோவிலிருந்து போவது 5 வோல்ட். இங்கேயும் லெவல் ஷிஃப்டர் வேண்டும்.

படம் வந்து, ஓரத்தில் மட்டும் வண்ணப் புள்ளிகள் சிதறினாலோ, சிவப்பும் நீலமும் இடம் மாறினாலோ, புரோகிராமில் உள்ள டேப் வகையை மாற்றுங்கள். பச்சை, சிவப்பு, கறுப்பு என்று சொல்வது பாதுகாப்புத் தாளில் இருந்த வாலின் நிறத்தை. தாளை உரித்து எறிந்திருந்தால் மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஸ்கேனரில் முகவரி வராத ஓஎல்இடியை அதே வயரில் நல்ல திரையோடு மாற்றிப் பாருங்கள். நல்லது வந்து இது வரவில்லையென்றால், கண்ணாடியின் அடியோரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கன்ட்ரோலர் ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய ஓரத்தில் முடிபோல ஒரு விரிசல் இருக்கலாம், பலகைக்குப் போகும் வளையும் பட்டை கிழிந்திருக்கலாம். இரண்டையும் வீட்டில் சரிசெய்ய முடியாது. வேறு திரை வாங்குங்கள், பழையதன்மேல் ஒரு துண்டு டேப்பில் "பழுது" என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.